அத்தையின் வருத்தமும் ஜன்னல் அறையும்

மகனே, போனை எடுத்தால் நீ "அம்மா, சுருக்கமா சொல்லுங்க, மீட்டிங் இருக்கு" என்கிறாய். சுருக்கமாகப் பேசுவது நம் வீட்டில் உன் அப்பாவுக்கு மட்டும்தான் வரும். அவரும் கடையில் ஆணி நிறுக்கும்போதுதான் அப்படி. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, இனி வரப்போவதும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது, "அப்புறம் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோகவும் முடியாது. படித்த பிறகு இதைத் தர்ஷினியிடமும் கொடு. கல்யாணம் முடிந்த கையோடு நம்மோடு கப்பலேறப் போகிறவள் அவள். எப்படிப்பட்ட குடும்பத்துக்குள் வருகிறோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

நீ அனுப்பிய திட்டத்தை நிதானமாகப் பார்த்தேன். போன தடவை போலவே சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கே கப்பலேறி, பினாங்கும் புக்கெட்டும் சுற்றி வருவது. இந்த முறை தர்ஷினி வீட்டாரும் கூட. செலவைப் பிரிக்கப் போனில் ஏதோ ஒரு கணக்குப் போட்டிருக்கிறாய், எல்லாருக்கும் பயணக் காப்புறுதி என்றும் எழுதியிருக்கிறாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வத்தேகமயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மகன் இரண்டு குடும்பத்தைக் கடலில் மேய்க்கப் போகிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பிறகு பெயர்களை வாசித்தேன். அத்தையின் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து உன்னைக் கேட்டேன். நீ சொன்னாய்: "சீனி வியாதி இருக்கிறத மறைச்சு, பொய் சொல்லி இன்சூரன்ஸ் எடுத்தவங்கம்மா அவங்க. திரும்ப ஒருக்கா அந்த ரிஸ்க் எனக்கு வேணாம்." அந்தப் பேச்சில் அடுப்பில் இருந்த பருப்பை மறந்துவிட்டேன். தீய்ந்த பருப்பை உன் அப்பா அப்படியே சாப்பிட்டு எழுந்தார். அக்காளைப் பற்றி மகன் சொன்னதை அவரும் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தார்.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தர்ஷினிக்காகச் சொல்கிறேன். அத்தை என்றால் இவன் அப்பாவின் ஒரே அக்கா. புசல்லாவைக்கு மேலே உள்ள தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பால் கரைத்து, தூளி ஆட்டி, மூக்குத் துடைத்து அத்தை வளர்த்த பிள்ளைகள் இன்று பஸ் ஓட்டுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. வாய் கொஞ்சம் நீளம், ரோஷம் அதைவிட நீளம். எனக்கும் அவருக்கும் கல்யாணமான புதிதில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. நாத்தனாருக்காக நானா வக்காலத்து வாங்குகிறேன் என்று நீ ஆச்சரியப்படுவாய். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முதல் பயணம் உன் ஆசை. வேலை கிடைத்த வேகத்தில் "எல்லாரும் கப்பல்ல போவோம்" என்று ஆரம்பித்தவன் நீ. நாம் மூன்று பேர், அத்தை, சித்தப்பா குடும்பம். நம் பங்கை உன் முதல் சம்பளக் காசில் நீ கட்டினாய், அத்தை தன் பங்கைத் தானே கட்டினார். செலவுப் பொறுப்பைச் சித்தப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு இரண்டாவது வழி தெரியாது: மொத்தத்தைக் கூட்டு, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடு. அறையும் தலைக்கு, சாப்பாடும் தலைக்கு, துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கும் காசும் தலைக்கு. கல்லாவில் உட்காருகிறவள் என்ற முறையில் எனக்கு அப்போதே உறுத்தியது. சித்தப்பா பிடித்த அறைக்குப் பல்கனி, கடலைப் பார்த்தபடி உட்காரக் கதிரை. நமக்கும் அத்தைக்கும் கிடைத்தவை கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் அறைகள், சுவரைத்தான் பார்க்கலாம். ஆனால் காசு எல்லாருக்கும் ஒன்று. பங்காளி விஷயம், வாயைத் திறந்தால் வம்பு என்று நான் பேசாமல் இருந்தேன். அத்தை அப்படி இருப்பாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு முன்னறையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீதான் போனில் கப்பல் அறைகளின் படத்தைக் காட்டினாய். அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "என் ரூம்புல ஜன்னல காணோமே?" என்றார். சித்தப்பா, "அக்கா, தூங்கத்தானே போறோம், ஜன்னல் எதுக்கு?" என்று சொல்லி வைத்தார். அவ்வளவுதான். "தூங்கறதுக்கு புசல்லாவையில எனக்குப் பாய் இருக்கு. கடலப் பாக்கத்தான் காசு கட்டினேன். காசு மட்டும் சரிக்குச் சரி, கடலு மட்டும் ஒனக்கா?" என்று அத்தை எழுந்து பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஊற்றிய தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. அறையை மாற்ற நீ கேட்டுப் பார்த்தாய், ஜன்னல் அறைகள் முடிந்துவிட்டன என்றார்கள். சில நாள் அவர் எங்கள் போனையும் எடுக்கவில்லை. பிறகு திடீரென்று ஒரு நாள் அவராகவே அழைத்து, கப்பலுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று என்னிடம் கேட்டார். கோபம் எப்படிப் போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. போனதே போதும் என்று இருந்துவிட்டோம். அது எப்படிப் போனது என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

அதற்கு முன் கப்பலைச் சொல்ல வேண்டும். ஏறிய நாள் எவ்வளவு கொண்டாட்டம்! உன் அப்பா கப்பல் கதவுகளின் பிணைச்சல்களைத் தட்டித் தட்டிப் பார்த்து "அசல் சாமான்" என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டு வந்தார். அத்தை மேல்தளத்தில் நின்று, காற்றில் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணியா!" என்று வாய் விட்டுச் சிரித்தார். பினாங்கில் நீங்கள் எல்லாரும் இறங்கிப் போனீர்கள். எனக்கு முழங்கால் வலி. அத்தை எனக்குத் துணையாக இருக்கிறேன் என்று சொல்லிக் கப்பலிலேயே தங்கிவிட்டார். மேல்தளத்தில் உட்கார்ந்து நாத்தனாரும் நானும் வழக்கம்போல வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் வேர்த்துக் கொட்டி, கதிரையில் சரிந்து கிடந்தார்.

நான் போட்ட கூச்சலில் ஆட்கள் ஓடி வந்தார்கள். கப்பல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சீனி மாத்திரை போட்டிருக்கிறார், வயிற்றில் ஒன்றும் இல்லை, சீனி அளவு கீழே இறங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார். சேலைன் ஏற்றி, இனிப்பாக எதையோ குடிக்க வைத்து, கட்டிலில் படுக்க வைத்தார்கள். கண் விழித்ததும் அத்தை செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கட்டிலுக்குப் பக்கத்தில் தோசைக்கல் அளவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது, அதற்கு வெளியே கடல். என் கையைப் பிடித்து இழுத்து, "ஏ புள்ள, பாத்தியா, ஜன்னலு!" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சாயங்காலம் நீங்கள் வருவதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து தாதிக்குப் பிள்ளை வளர்க்கும் விதம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

ஏன் சாப்பிடவில்லை என்று நீ கேட்டபோது, "பசிக்கல மருமவனே" என்றார். நீயும் நம்பினாய். உண்மையை என்னிடம் மட்டும் சொல்லி, "பயகிட்ட சொல்லிறாத, மனசு கஷ்டப்படுவான்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை இன்று முறிக்கிறேன், சாமி என்னை மன்னிக்கும். கப்பலில் விரித்து வைத்திருந்த சாப்பாடு எல்லாம் டிக்கெட் காசுக்குள் அடக்கம் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அள்ளி வைக்கும் ஒவ்வொரு தட்டும் கணக்கில் ஏறும், கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். "நான் ஒரு வாய் கூடத் தின்னா அது ஒங்க எல்லார் தலையிலயும்தானே விழும்? அந்தப் புள்ள மொத மொத சம்பாதிச்ச காசு" என்றார். கொண்டுவந்த பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டு நாளை ஓட்டியிருக்கிறார். அதுவும் அன்று காலையில் தீர்ந்துபோயிற்று. சுற்றிலும் சோறு குவிந்திருக்க, உன் காசை மிச்சம் பிடிக்கப் பட்டினி கிடந்த மனுஷி அவர்.

கப்பலில் எல்லார் செலவுக்கும் உன் கார்ட்டைத்தான் கொடுத்திருந்தோம். ஆஸ்பத்திரி பில்லும் டொலரில் அதன் மேல் போய் விழுந்தது. அதுவரை எதற்கெடுத்தாலும் "தலைக்கு இவ்வளவு" என்ற சித்தப்பா, அந்த ஒரு பில்லுக்கு மட்டும் "அது அவங்கவங்க செலவுதானே" என்றார். போகட்டும், அவர் எனக்குக் கொழுந்தன், இத்தோடு விடுகிறேன். காப்புறுதிக்காரர்கள் தருவார்கள் என்று நம்பினோம். அவர்களோ, சீனி இருப்பதை முதலிலேயே சொல்லவில்லை, அதனால் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். உன் மோட்டார் சைக்கிள் கனவு ஒரு வருடம் தள்ளிப்போனது. நீ அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவரை நல்ல பிள்ளைதான். ஆனால் மனதுக்குள் "பொய் சொன்னார்" என்று எழுதி வைத்துவிட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தப் பதில் வந்த பிறகு உன் அப்பாவும் நானும் கண்டி டவுனில் உள்ள அந்தக் காப்புறுதி அலுவலகத்துக்குப் போனோம். சண்டை போடத்தான் போனோம். அங்கே இருந்த சிங்களப் பெரியவர் மரியாதையானவர். உட்கார வைத்து, "எல்லாம் போனில் கேட்டுத்தான் எழுதினோம் அம்மா, பதிவு இருக்கிறது" என்றார். கேள்வி கேட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளையையும் கூப்பிட்டு, பதிவை எங்கள் முன்னாலேயே போட்டார். முதலில் அந்தப் பிள்ளையின் குரல்: "வணக்கம் அம்மா, உங்கட பயண விஷயமாக் கதைக்கிறன். உங்களுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?" யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். நம் பக்கத்தில் வருத்தம் என்றால் மனக்குறை. அத்தை கொஞ்சம் தயங்குவது கேட்டது. ஜன்னல் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார், பயண விஷயம் என்கிறாள், வருத்தம் இருக்கா என்கிறாள். தம்பி, அதாவது உன் அப்பா, நேரில் கேட்க வெட்கப்பட்டு ஆபீஸ் பிள்ளையை விட்டுக் கேட்கிறான் என்று முடிவு பண்ணிவிட்டார்.

பிறகு அவர் குரல் வந்தது. "இல்ல தாயி, எனக்கு யாரு மேலயும் ஒரு வருத்தமும் இல்ல. அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். ஜன்னல் இல்லாட்டி என்ன, கூட வாறது என் ரத்தம். மருமவன் மொத சம்பளத்துல போற பயணத்துல என்னையும் சேத்துக்கிட்டானே, அது போதும். எந் தம்பிகிட்ட சொல்லு, அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லேன்னு. அவன் பொண்டாட்டி கோவக்காரிதான், ஆனா வெள்ள மனசு." அந்தப் பிள்ளை பாவம், வரிசையாக இன்னும் எத்தனை பேரைக் கேட்க வேண்டுமோ, வருத்தம் இல்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது: "குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ?" அவர்கள் ஊரில் குளிசை என்றால் மாத்திரை. பிள்ளைக்காம்பரா அத்தைக்குக் குழந்தைகளுக்குத் தாயத்தாகக் கட்டும் குளிசம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. "குளிசமா? அதெல்லாம் இல்லம்மா. சின்னப் புள்ளைக்குத்தானே கட்டுவாங்க, எனக்கு எதுக்கு? முருகன் பாத்துக்குவான்" என்றார். "நன்றி அம்மா" என்று பதிவு முடிந்தது.

அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது. பெரியவருக்கு அந்த இரண்டு சொற்களையும் அது சிங்களத்தில் விளக்கிச் சொன்னதும் அவர் "அனே!" என்று சிரித்து, சிரித்ததற்காக எங்களிடம் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் சட்டம் சட்டம்தான், சீனி என்ற சொல் அதில் எங்கும் இல்லை, காசு கிடைக்காது என்றார். நான் இன்னொரு சுற்றுச் சண்டைக்குத் தயாரானேன். உன் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஐயா, அத இன்னொரு தடவ போட முடியுமா?" என்று கேட்டார். அக்கா குரலைத் தலைகுனிந்து கேட்டார். வெளியே வந்து ஏரிக்கரைச் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம், அக்காவைப் பற்றிச் சிரிப்பார்கள் என்றார். நானும் விட்டுவிட்டேன். நாங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில் நீ பொய் என்று எழுதிக்கொண்டாய்.

ஆக மகனே, கப்பல் கணக்கைப் பற்றி உன் அம்மா சொல்வதைக் கேள். தலைக்கு இவ்வளவு என்பது வகுக்கச் சுலபம், சுமக்கக் கஷ்டம். அறையை அறைக்காரரே கட்டட்டும். குடிக்கிறவர் குடிப்பதற்கும், இறங்கி ஊர் பார்க்கிறவர் ஊருக்கும் தனியாகக் கொடுக்கட்டும். பொதுவில் வருவது வேனும், வேலைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சந்தோஷக் காசும் மட்டும் இருக்கட்டும். எது ஏற்கனவே கட்டியாயிற்று, எதற்கு இனிக் காசு என்று ஏறுவதற்கு முன்பே எல்லாரையும் உட்கார வைத்து வாய் விட்டுச் சொல். தர்ஷினியின் அம்மாவும் கூச்ச சுபாவம் என்று கேள்விப்பட்டேன், அவரும் பிஸ்கட் பையோடு வந்துவிடப் போகிறார். காப்புறுதிக்குப் பெரியவர்களிடம் "நோய் இருக்கா" என்று கேட்காதே. நம் ஆட்கள் நல்ல காரியத்துக்குப் போகும்போது நோய் என்று சொல்ல மாட்டார்கள். "உங்க மருந்துப் பைய கொஞ்சம் காட்டுங்க" என்று கேள், எல்லாம் வெளியே வந்துவிடும். சீனிக்கும் பிரஷருக்கும் சேர்த்து எடுத்தால் காசு கூடத்தான். இரண்டு அலைக்கு நடுவில் டொக்டரைத் தேடும்போது அந்தக் காசு உனக்குப் பெரிதாகத் தெரியாது.

இந்தக் கூடுதல் காசு எவ்வளவு என்று நீ யோசிப்பாய் என்று தெரியும். அதனால் போன கிழமை உனக்குச் சொல்லாமல் அத்தையைக் கண்டிக்கு வரவழைத்தேன், விலையை மட்டும் விசாரிக்கத்தான் போகிறோம் என்று சொன்னேன். அதே அலுவலகம், அதே யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எங்களைக் கண்டதும் எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை வருத்தம், குளிசை என்ற பேச்சே இல்லை. "அம்மா, உங்கட மருந்துகளக் காட்டுங்கோ" என்றது. அத்தை பையை மேசையில் கவிழ்த்தார். சீனிக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு, எனக்கே தெரியாத ஏதோ ஒன்றுக்கு. எல்லாவற்றையும் எழுதி, தொகையும் சொன்னது. நம் ஆட்கள் கப்பலில் குடிக்கப் போவதை விடக் குறைவுதான், பயப்படாதே. எல்லாம் முடிந்து எழும்பும்போது அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "அப்ப, இனி வேற வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே அம்மா?" என்று கேட்டது.

அத்தைக்கு இப்போது அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் தெரியும், போகும் வழியில் நான்தான் சொல்லியிருந்தேன். பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல், அதனிடம்தான் சொன்னார்: "நோயெல்லாம் சொல்லிட்டேன் தாயி. வருத்தம் ஒண்ணுதான் இருக்கு. மருமவன் இன்னும் என்னைய வான்னு கூப்பிடல."

அந்தப் பிள்ளை எழுதுவதற்கு எடுத்த பேனையைக் கீழே வைத்துவிட்டது. அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

போன் எடு மகனே. காலையில் எடுக்காதே, கோயிலில் இருப்பார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு எடு. "எனக்கு எதுக்குப்பா கப்பலு, வயசான காலத்துல" என்றுதான் முதலில் சொல்வார். நம்பிவிடாதே, இரண்டாவது தடவையும் கேள். அப்போதும் இழுத்தால், அறையில் ஜன்னல் இருக்கிறது என்று சொல்.